நள்ளிரவில் வந்த விருந்து

2014 ஜூலை 9, புதன்கிழமை. கோலாலம்பூரில் விடிவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ரமலான் மாதம், நோன்பு வைப்பவர்கள் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்துகொள்ளும் வேளை. உலகத்தின் மறுபக்கத்தில், பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டி நகரில், அப்போது முந்தைய நாள் மாலை 5 மணி. உலகக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதி தொடங்கியது. மலேசியாவில் ‘மாமாக்’ எனப்படும் உணவுக் கடைகளில் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஜெர்மனி கோல் மேல் கோல் அடித்தது. 29-ஆவது நிமிடத்தில் 5–0. பிரேசில் அப்படிச் சரிந்து யாரும் பார்த்ததில்லை. இடைவேளை வந்தபோது மணி 4:45. ஆட்டம் 7–1 என்று முடியும்போது சுபுஹு பாங்கு சொல்லும் நேரம் வந்திருந்தது.

அந்த மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் நோன்பாளிகள் அல்லர். மாமாக் கடையின் இயல்பு அப்படி. ஒரு மேசையில் மலாய்க்கார இளைஞர்கள், அடுத்ததில் சீன நண்பர்கள், அதற்கடுத்து இரவு வேலை முடித்து வந்த தமிழர்கள். பல மேசைகளில் மூன்று இனத்தாரும் கலந்து. வீட்டில் தொலைக்காட்சி உண்டு, மெத்தை உண்டு, காலையில் போக வேண்டிய வேலையும் உண்டு. அப்படியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடி அந்த நேரத்தில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

உணவகம் நடத்துகிறவர் இதை வியாபாரக் கேள்வியாகக் கேட்பார்: ஆட்ட நாளில் ரசிகரை எப்படி வரவழைப்பது? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் அதைவிடப் பழைய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே கணத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே கணத்தில் கத்துகிறார்களே, அதற்குப் பெயர் என்ன? வழிபாட்டுக்கு அது எவ்வளவு தூரம்? அந்தக் கூட்டத்துக்கு இடம் தந்து காசும் வாங்கிக்கொள்கிறவர் விருந்தோம்புகிறாரா, விற்கிறாரா?

இதைக் கேட்டுப் பார்க்க மாமாக் கடையை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். அதை உண்டாக்கியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். ‘மாமாக்’ என்ற பெயரே நம்முடைய ‘மாமா’விலிருந்து போனது என்பார்கள். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள், தோளில் காவடிபோல் ஒரு தண்டைப் போட்டு, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கத் தெருத் தெருவாக விற்றார்கள். மலாய் மொழியில் அந்தத் தோள்தண்டுக்குக் ‘கண்டார்’ என்று பெயர். இன்றைக்கும் பினாங்கின் பெருமையாக இருக்கும் ‘நாசி கண்டார்’ அதில் பிறந்த பெயர்தான். அங்கே கேம்பல் சாலையில் உள்ள ஹமீதியா உணவகம் 1907-இல் தொடங்கியது. துறைமுகக் கூலிகளின் பசிக்குத் தோளில் சுமந்துவந்த சோறு, நூறாண்டுகளுக்குப் பிறகு, கால்பந்து ரசிகர்களின் விழிப்புக்குத் துணையாக நிற்கிறது.

கடைக்குள் நுழைந்தவர் பரிமாறுகிறவரைக் கூப்பிடும் சொல்லைக் கவனிக்க வேண்டும். மலாய்க்காரரும் கூப்பிடுவது “அனே!” சீனரும் “அனே!” நம்முடைய ‘அண்ணே’தான் அது. கடையின் பெயரில் தாய்மாமன். கூப்பிடும் சொல்லில் மூத்த சகோதரன். உறவுமுறை சொல்லி வாசல் திறக்கிற கடை அது. பல கோடி செலவழித்துச் செய்யும் எந்த விளம்பரமும் இந்த இரண்டு சொற்கள் செய்ததைச் செய்துவிடாது.

சொல் மட்டும் போதாது. கடையின் நேரமும் ரசிகரின் நேரமும் ஒத்துப்போக வேண்டும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் ஆட்டம், மலேசியாவில் கோடையில் இரவு 10 மணி, குளிர்காலத்தில் 11 மணி. ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் அதிகாலை 3 அல்லது 4 மணி. 2022-இல் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தபோது பெரும்பாலான குழு ஆட்டங்கள் மாலை 6, இரவு 9, நள்ளிரவு 12, அதிகாலை 3 என்று வந்தன. மலேசியரின் கால்பந்துக் காதல் கடல் கடந்த காதல். அது விழித்துக்கொள்ளும் நேரத்தில் விழித்திருக்கும் கடை ஒன்றே ஒன்றுதான்.

இருபத்துநான்கு மணி நேரமும் அடுப்பு எரிகிறது. கோதுமை மாவைப் பல மணி நேரம் முன்பே பிசைந்து, உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவி ஊற வைத்துவிடுகிறார்கள். கை பட்டதும் துணிபோல விரியும் பதம் அப்போதுதான் வரும். கால்பந்தில் இடைவேளை 15 நிமிடம். அந்த 15 நிமிடத்தில் எல்லா மேசையும் ஒரே நேரத்தில் கூப்பிடும். ஊறிய மாவு இருந்தால் ரொட்டி சானாய் வீசி, மடித்து, சுட்டு எடுப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். கெட்டிப் பால் சேர்த்த தேநீரை ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு உயர உயரத் தூக்கி ஆற்றினால் தே தாரிக் தயார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், ஒரு கையாலேயே சாப்பிட்டு முடிக்கக்கூடிய உணவு. பெரிய திரை எந்த நாற்காலியிலிருந்தும் தெரிய வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. ஒரு குவளை தேநீரோடு ஒருவர் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்கக் கூடாது.

ரசிகரை வரவழைக்கும் வித்தை இவ்வளவுதான். எல்லாமே அடுப்படிக் கணக்கு; ஆனால் கடைசியாகச் சொன்னது மட்டும் வேறு வகை. மேசை விரைவாகக் காலியாக வேண்டும் என்பதுதான் உணவகத் தொழிலின் முதல் பாடம். மாமாக் கடைக்காரர் அந்தப் பாடத்தை மீறுகிறார். உட்கார்ந்திருப்பவரை எழுப்பாமல் விடுகிறார். வியாபாரம் விருந்தோம்பலாக மாறும் இடம் ஏதாவது இருக்குமானால், அது இங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கெம் 1912-இல் ‘சமய வாழ்வின் அடிப்படை வடிவங்கள்’ என்ற நூலை எழுதினார். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் கூடும் சடங்குகளைப் பற்றிய பதிவுகளை வைத்து அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். தனித்தனியே பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் ஓரிடத்தில் கூடும்போது அவர்களுக்கிடையே ஒரு கொதிப்பு பிறக்கிறது. தன்னைவிடப் பெரிதான ஒன்றில் தான் இருப்பதாக ஒவ்வொருவரும் உணர்கிறார்கள். அந்த உணர்வுதான் சமயத்தின் ஊற்று என்றார். இதைப் படித்த பலரும் உடனே விளையாட்டரங்கைச் சுட்டிக்காட்டினார்கள். கொடி, நிறம், பாட்டு, புனிதப் பயணம், வணங்கத்தக்க வீரர் என எல்லாம் அங்கே உண்டு. அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் மரடோனாவின் பெயரால் 1998-இல் ஒரு ‘திருச்சபை’யே எழுந்தது.

துர்கெம் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை மாமாக் கடை சொல்கிறது.

விளையாட்டரங்கின் கொதிப்புக்கு ஒரு எதிரி தேவை. அதனால்தான் உலகெங்கும் வெளியூர் அணியின் ரசிகர்களுக்குத் தனி அடைப்பு, தனி வாசல், நடுவே காவலர் வரிசை. சமயக் கொதிப்புக்கும் பல நேரங்களில் இதே ஆபத்து உண்டு. உள்ளே இருப்பவர்களை இணைக்கும் கயிறே வெளியே இருப்பவர்களை விலக்கும் வேலியாகிவிடுகிறது. மாமாக் கடையில் அடைப்பு கிடையாது. மான்செஸ்டர் யுனைடெட் சட்டையும் லிவர்பூல் சட்டையும் ஒரே மேசையில், ஒரே சட்டினிக் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டு உட்காருகின்றன. ஒருவன் துள்ளும்போது எதிரில் இருப்பவன் தலையில் கை வைக்கிறான். ஆட்டம் முடிந்து இருவரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போகிறார்கள். கொதிப்பு இருக்கிறது, எதிரி இல்லை. கூடி உண்பது கொதிப்பின் விஷத்தை முறித்துவிடுகிறது.

மலேசியாவில் இதற்கு எவ்வளவு மதிப்பு என்பது அந்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே முஸ்லிம்கள் 63.5 விழுக்காடு, பௌத்தர் 18.7, கிறிஸ்தவர் 9.1, இந்துக்கள் 6.1. 1969 மே 13-இல் கோலாலம்பூரில் வெடித்த இனக்கலவரத்தில் அரசுக் கணக்குப்படியே 196 பேர் இறந்தார்கள். இனம், சமயம், மொழி, பள்ளிக்கூடம், கட்சி என்று எல்லாமே தனித்தனி அறைகளாகப் பிரிந்த நாட்டில் விளையாட்டு ஒரு பொதுக்கூடம். எழுபதுகளில் மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட கோல்காவலர் ஆறுமுகம் ஆகியோர் சேர்ந்து ஆடிய அணியை மலேசியர் இன்றும் நெகிழ்ந்து நினைப்பது அதனால்தான். 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4–2 என்று வென்று தென்கிழக்கு ஆசியக் கோப்பையைக் கைப்பற்றியபோது, அரசு டிசம்பர் 31-ஐப் பொது விடுமுறை ஆக்கியது. 2012 ஆகஸ்டில், அதுவும் ஒரு ரமலான் மாதத்தில்தான், லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதியில் மலேசியாவின் லீ சோங் வெய் மூன்றாவது ஆட்டத்தில் 19–21 என்று சீனாவின் லின் டானிடம் தோற்றார். சீன வமிசத்து வீரர் ஒருவருக்காக மலாய்க்காரரும் தமிழரும் கண்கலங்கிய நாள் அது.

ஒரே திரையைப் பார்ப்பது எளிது. ஒரே மேசையில் உண்பதுதான் அங்கே கடினம். முஸ்லிமுக்கு ஹலால் வேண்டும். இந்துக்களில் பெரும்பாலோர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். பௌத்தர் பலருக்கும் அதே விலக்கு உண்டு. பன்றி இறைச்சி சமைக்கும் கடைக்குள் முஸ்லிம் வரமாட்டார். மது விற்கும் கடையிலும் தயங்குவார். சமயங்கள் மனிதரைப் பிரிக்கும் முதல் கோடு பெரும்பாலும் தட்டின் மேல்தான் விழுகிறது. மாமாக் கடை அந்தக் கோடுகள் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. ஹலால் சமையல், மது இல்லை, பன்றி இல்லை. மாடு விலக்குகிறவருக்குக் கோழியும் மீனும் உண்டு. எதுவும் வேண்டாதவருக்கு ரொட்டியும் பருப்பும் தேநீரும் உண்டு. நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் பக்கத்தில் உட்கார ஒரு வழி. ரொட்டி சானாய், தே தாரிக், நாசி லெமாக் அடங்கிய மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை, பல இன மக்கள் சேர்ந்துண்ணும் மரபாக யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் பட்டியலில் சேர்த்தது.

சரி, இதெல்லாம் காசுக்குத்தானே நடக்கிறது? காசு வாங்கிக்கொண்டு தருவதை விருந்தோம்பல் என்று சொல்லலாமா?

தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்கு மூலப்பொருள் புதுமை. புதிதாக வந்தவர் விருந்தினர். தெரிந்தவருக்குச் சோறு போடுவது உறவு. தெரியாதவருக்குப் போடுவதுதான் விருந்து. திருக்குறள் விருந்தோம்பலைத் தன் ஒன்பதாவது அதிகாரமாக, இல்லறவியலில் வைக்கிறது. பொருட்பாலில் அதற்கு இடமில்லை. அந்த வைப்புமுறையை வைத்துப் பார்த்தால், கல்லாப்பெட்டி இருக்கும் இடத்தில் விருந்தோம்பல் இருக்க முடியாது என்று தோன்றும்.

பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் கதை இதைவிடக் கடுமையானது. வறுமை வந்து எல்லாம் போன பிறகு, மழை கொட்டும் ஓர் இரவில் பசியோடு ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒரு மணி நெல் இல்லை. மனைவி யோசனை சொல்ல, அன்று பகலில் விதைத்த நெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார் மாறனார். விறகில்லாததால் கூரைக் கழிகளையே வெட்டித் தருகிறார். நாளைய விளைச்சலையும் தலைக்கு மேலிருந்த கூரையையும் ஓர் இரவு விருந்துக்குக் கொடுத்துவிட்ட மனிதர். அந்தப் புராணத்தின் ஊர் இன்றைய சிவகங்கை மாவட்டத்து இளையான்குடி. இன்று முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர், கடல் கடந்து பிழைக்கப் போன பலரின் ஊர். நள்ளிரவில் வந்தவருக்குச் சோறு என்ற செய்தி அந்த மண்ணில் சைவத்துக்கும் இஸ்லாத்துக்கும் பொதுவாகவே கிடக்கிறது. குர்ஆனில் இப்ராஹீம் நபி, யாரென்று தெரியாமல் வந்தவர்கள் முன் பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். வந்தவர்கள் வானவர்கள் என்பது பிறகுதான் தெரிகிறது. இரண்டு கதைகளிலும் பரிமாறுகிறவர் முதலில் சோற்றை வைக்கிறார். யார் என்பது அப்புறம்.

ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1795-இல் உலக அமைதி பற்றி எழுதிய நூலில் இதை வேறு கோணத்தில் பார்த்தார். விருந்தோம்பலை அவர் கருணைக் கணக்கில் சேர்க்கவில்லை, உரிமை என்றார். அந்நிய மண்ணில் வந்து இறங்குகிறவன் பகைவனாக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை. பூமி உருண்டையாக இருப்பதால் மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போக முடியாது. ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்பது அவர் வாதம்.

மாறனாரின் விருந்து எல்லோருக்கும் ஆவதன்று. கூரையைப் பிரித்துக் கொடுக்கிறவர் ஓர் இரவுதான் கொடுக்க முடியும். தினமும் நள்ளிரவில் நூறு பேருக்கு இடம் வேண்டுமென்றால் மாவுக்கும் எரிவாயுவுக்கும் யாராவது காசு தரத்தான் வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது எதற்குக் காசு வாங்கப்படுகிறது என்பதை. மாமாக் கடைக்காரர் ரொட்டிக்கு விலை வைக்கிறார், தேநீருக்கு விலை வைக்கிறார். கூடியிருப்பதற்கு விலை வைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரரோடு சேர்ந்து கத்துவதற்கும், முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வதற்கும் ரசீது கிடையாது. உணவு விற்பனைக்கு உண்டு; தோழமை இலவசம். அந்த எல்லை காக்கப்படும் வரை அதை விருந்தோம்பல் என்று சொல்வதில் தவறில்லை.

எல்லை காக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. 2007 பிப்ரவரியில் இண்டியானாபொலிஸ் நகர அணி சூப்பர் பவுல் இறுதியில் ஆடியது. அந்த ஊரின் ஃபால் கிரீக் பாப்டிஸ்ட் தேவாலயம் ஆட்டத்தைப் பெரிய திரையில் காட்டச் சபையாரை அழைத்தது. தின்பண்டச் செலவுக்குச் சிறு தொகையும் கேட்டது. அமெரிக்கக் கால்பந்துக் கழகமான என்.எஃப்.எல். ஆட்சேபித்துக் கடிதம் அனுப்பியது. கட்டணத்தைக் கைவிடுகிறோம் என்றபோதும் 55 அங்குலத்துக்கு மேற்பட்ட திரை கூடாது என்று சொல்லப்பட, தேவாலயம் நிகழ்ச்சியையே ரத்து செய்தது. விளையாட்டைக் காட்டுவதை வழக்கமான தொழிலாகக் கொண்ட மதுக்கூடங்களுக்கு அந்தத் தடை கிடையாது. எதிர்ப்பு எழுந்தது, 2008-இல் கழகம் இறங்கிவந்து, கட்டணமில்லாமல் காட்டும் தேவாலயங்களை அனுமதித்தது. ஒளிபரப்புக்கு உரிமையாளர் உண்டு என்பது சட்டம். மலேசியாவிலும் அஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சியின் வணிகச் சந்தா இல்லாமல் ஆட்டத்தைக் காட்டிய கடைகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. சந்தாவைச் செலுத்துவது கடைக்காரரின் கடமை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் ஓர் ஊர் கூடிப் பார்ப்பதற்கே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட்டால், சமயம் காலம் காலமாகப் பொதுவில் வைத்திருந்த ஒன்று தனிச்சொத்தாகிவிடுகிறது.

திரையின் ரிமோட் யார் கையில் என்பதும் அறக்கேள்விதான். ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் ஜென்னி நுயென் என்ற சமையற்கலைஞர் 2018-இல் தோழிகளோடு ஒரு மதுக்கூடத்தில் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் போனார். அலைவரிசையை மாற்றித் தரும்படி கேட்டுப் பெற வேண்டியிருந்தது; ஒலியும் இல்லை. 2022-இல் அவர் பெண்களின் ஆட்டங்களை மட்டுமே காட்டும் உணவகத்தைத் திறந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. யாரும் அழைக்காத ரசிகரை அழைத்தால் அவர் வருவார் என்பதற்கு அது சான்று. மலேசியாவில் பெர்லி டான், தீனா முரளிதரன் என்ற சீன–தமிழ் இணை 2024 பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் இரட்டையர் பூப்பந்தில் நான்காம் இடம் வரை போனது. 2025 உலகப் போட்டியில் வெள்ளி வென்றது. அந்த இருவரின் ஆட்டத்துக்கும் பெரிய திரையும் முழு ஒலியும் தரும் கடை, தன் விருந்தினர் பட்டியலை இரட்டிப்பாக்கும்.

விருந்தோம்புகிறவருக்கு விருந்தினரின் உடம்பிலும் அக்கறை இருக்க வேண்டும். இங்கேதான் மாமாக் கடை தலைகுனிய வேண்டியிருக்கிறது. 2023-இல் மலேசியா நடத்திய தேசிய உடல்நல ஆய்வில் வயதுவந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் என்று தெரிந்தது. நள்ளிரவு ரொட்டியும் கெட்டிப்பால் தேநீரும் அதில் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தோல்வியும் உணவும் சேர்ந்தால் இன்னும் மோசம்: கோர்னில், ஷாந்தோன் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தங்கள் அணி தோற்ற மறுநாள் அமெரிக்க ரசிகர்கள் உண்ணும் நிறைகொழுப்பு 16 விழுக்காடு கூடுகிறது, வென்ற மறுநாள் 9 விழுக்காடு குறைகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருபத்துநான்கு மணி நேர உணவகங்களே வேண்டாம் என்று கேட்டிருக்கிறது. உணவகத்தார் அதை எதிர்க்கிறார்கள். கடையை மூடாமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. சீனி குறைத்த தேநீரைக் கேட்பவருக்கு மட்டும் தராமல் வழக்கமாக்கலாம். அவித்த கடலையையும் பழத்தையும் அதிகாலை ஆட்டத்துக்கு வைத்திருக்கலாம்.

கொதிப்போடு வீட்டுக்கு அனுப்புவதிலும் பொறுப்பு உண்டு. 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது இங்கிலாந்தின் லங்காஷயர் காவல்துறைப் பதிவுகளை லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து வென்ற அல்லது சமன் செய்த நாட்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 26 விழுக்காடு கூடின. தோற்ற நாட்களில் 38 விழுக்காடு. மது ஒன்றையே காரணமாக்கிவிட முடியாது. ஆனாலும் மதுவில்லாத மேசையில் நள்ளிரவு வரை இத்தனை பேர் கத்திவிட்டு நிதானமாக எழுந்து போக முடியும் என்று மாமாக் கடை காட்டுவது சிறிய விஷயமன்று. அதே மேசையில் சூதாட்டம் நுழைந்துவிட்டால் அந்தப் பெருமை போய்விடும். உலகக் கோப்பை வரும்போதெல்லாம் மலேசியக் காவல்துறை ‘ஓப் சோகா’ என்ற பெயரில் பந்தயக்காரர்களைத் தேடுகிறது. கைப்பேசியில் பணம் கட்டியிருப்பவனுக்கு எதிரில் இருக்கும் நண்பன்கூட எதிரியாகிவிடுவான்.

இந்தக் கூட்டத்தின் மதிப்பை அது இல்லாமல் போனபோதுதான் எல்லோரும் உணர்ந்தார்கள். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ஐரோப்பியக் கோப்பை 2021 ஜூன் 11 முதல் ஜூலை 11 வரை நடந்தது. மலேசியாவில் ஜூன் 1 முதல் முழு ஊரடங்கு. கடையில் உட்கார்ந்து உண்ணத் தடை. ஆட்டங்கள் எல்லாம் வீட்டுத் திரையில் கிடைத்தன, படுக்கையிலிருந்தே பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவர் மறைக்கமாட்டார். நாற்காலிகள் கடைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஆட்டம் வேறு, கூடியிருப்பது வேறு என்பதை அந்த ஒரு மாதம் காட்டியது. தடை நீங்கியதும் மனிதர்கள் தேடி ஓடியது படத்தின் தெளிவையா? அது வீட்டிலேயே இருந்தது.

கடைசியாக, மேசைக்கு இந்தப் பக்கம் உட்காராத ஒருவர் இருக்கிறார். தட்டைத் தூக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கிடையே நுழைந்து வருகிறவர். அவர் தமிழ்நாட்டிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வேலைக்கு வந்தவராக இருப்பார். எல்லோரும் திரையைப் பார்க்கும்போது அவர் மேசைகளைப் பார்க்கிறார். கோல் விழும் சத்தம் அவருக்கு அடுத்த ஆர்டர் வரப்போகிறது என்பதற்கான மணி. 2023 ஜனவரி முதல் மலேசியச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்கிறது. பன்னிரண்டு மணி நேர இரவுகள் இத்தொழிலில் அரிதல்ல. மாறனார் தன் கூரையைப் பிரித்து விருந்து படைத்தார். வேறொருவர் கூரையைப் பிரிக்கவில்லை. பரிமாறுகிறவரின் தூக்கத்தை எடுத்து விருந்தினருக்குக் கொடுப்பது விருந்தோம்பலில் சேராது. மாமாக் கடையின் மேல் வைக்கக்கூடிய எல்லாக் குறைகளிலும் இதுவே பெரிது, உடனே தீர்க்கக்கூடியதும் இதுவே.

2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். இறுதி ஆட்டத்துக்குக் குறித்த நேரம் மலேசியக் கடிகாரத்தில் ஜூலை 20, திங்கட்கிழமை, அதிகாலை 3 மணி. இப்படியான இரவுகளுக்காகத் திரை வாங்குகிற, சந்தா கட்டுகிற, மாவுக்குச் சொல்லிவைக்கிற கடைக்காரர்கள், இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இரவுக்கு இரண்டு முறையாக ஆள் போடுங்கள். ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் கொஞ்ச நேரமாவது பரிமாறுகிற அண்ணன்களும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரட்டும். அவர்கள் கையிலும் ஒரு குவளை தே தாரிக் இருக்கட்டும்.